தூக்க மதிப்பெண் 38: ஐசியு நர்ஸ் ஒருவரின் கடிதத்துக்குப் பதில்

கேள்வி:

வணக்கம் டாக்டர். எனக்கு 23 வயது. பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஐசியுவில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. ஹாஸ்டலில் தங்கியிருக்கிறேன். மாதத்தில் ஆறு நாள் தொடர்ந்து நைட், இரவு 8 முதல் காலை 8 வரை. தீபாவளிக்கு அண்ணன் ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுத்தான். அதில் தூக்க மதிப்பெண் 38, 41 என்றுதான் வருகிறது. ஸ்ட்ரெஸ் எப்போதும் சிவப்பு. கண் விழித்ததும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன். பார்த்தால் அன்றைக்கு முழுக்க மனசு சரியில்லை. இப்போது எங்கள் மருத்துவமனையில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகாத நர்ஸ்களுக்கும் டியூட்டி டாக்டர்களுக்கும் மணிக்கட்டில் கட்டும் ஒரு ஸ்மார்ட் பேண்டை இலவசமாகத் தருகிறார்கள். ஊழியர் நலத் திட்டமாம். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். ‘தகவல்கள் நிர்வாகத்துடன் பகிரப்படலாம்’ என்று அதில் ஒரு வரி இருக்கிறது. வாட்ச் சொல்வது உண்மையா? கையெழுத்துப் போடலாமா? இன்னொன்று. இரண்டு மாதமாக டியூட்டிக்குக் கிளம்பும்போது குமட்டுகிறது. எதிலும் மனசு ஒட்டவில்லை. சின்ன விஷயத்துக்கெல்லாம் அழுகை வருகிறது. இதெல்லாம் வாட்ச்சில் தெரியுமா? அடுத்த நைட் 14ஆம் தேதி தொடங்குகிறது.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

வார்டாக இருந்தால் சிஸ்டர் என்று கூப்பிட்டிருப்பேன். ஆனால் இந்தக் கடிதத்தை எழுதியபோது நீங்கள் யூனிஃபார்மில் இல்லை என்று நினைக்கிறேன். அதனால் தங்கை என்றே எழுதுகிறேன்.

கடைசியில் போகிற போக்கில் கேட்ட கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், முக்கியமானது அதுதான். குமட்டல், அழுகை, எதிலும் ஒட்டாத மனசு: இதெல்லாம் வாட்ச்சில் தெரியாது. நீங்கள் எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், இதயம் எவ்வளவு வேகமாகத் துடித்தது என்று அது சொல்லும். டியூட்டிக்குக் கிளம்பும்போது வயிற்றைப் புரட்டுவது அதற்குத் தெரியாது. இரண்டு மாதமாக இப்படி இருக்கிறது என்று ஒருவர் என் எதிரே உட்கார்ந்து சொன்னால் நான் அவருடைய வாட்ச்சைக் கேட்க மாட்டேன். கேள்விகள்தான் கேட்பேன்.

மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ 9 என்ற கேள்வித்தாளை நர்சிங் படிப்பில் பார்த்திருப்பீர்கள். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. தமிழிலும் இருக்கிறது. ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்தே ஐந்து நிமிடத்தில் போட்டுவிடலாம். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். 10க்குக் கீழே வந்தாலும் நீங்கள் பார்க்க வேண்டும் என்றுதான் சொல்வேன், ஏனென்றால் இரண்டு மாதம் சின்ன காலம் இல்லை. கூடவே ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடுங்கள். உங்கள் வயதில் ரத்தசோகையும் தைராய்டுக் குறையும் இதே சோர்வைத் தரும்.

ஒன்பதாவது கேள்வி மட்டும் தனி. செத்துப்போனால் பரவாயில்லை, என்னை நானே காயப்படுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணம் வருகிறதா என்பது. அதற்கு 0 தவிர வேறு எது வந்தாலும் மொத்த மதிப்பெண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அன்றைக்கே யாரிடமாவது சொல்லிவிடுங்கள். அறைத் தோழி, அண்ணன், யாராக இருந்தாலும் சரி. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. இரவு மூன்று மணிக்கும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

‘எனக்கு மட்டும் ஏன் இப்படி’ என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் கடிதம் முழுக்க அந்தக் கேள்வி ஓடுவது தெரிகிறது. அதற்கு ஒரு விவரம் சொல்கிறேன். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் ஸ்ரீஜன் சென் என்ற மனநல மருத்துவர், படிப்பை முடித்துவிட்டு முதல் வருடப் பயிற்சியில் சேரும் டாக்டர்களை 2007லிருந்து தொடர்ந்து கவனித்து வருகிறார். 2010இல் வெளியான முதல் கட்ட முடிவில் 740 பேர் இருந்தார்கள். இதே ஒன்பது கேள்வியைப் பயிற்சி தொடங்கும் முன் கொடுத்தபோது மனச்சோர்வு அளவைத் தொட்டவர்கள் 3.9 சதவீதம். பயிற்சி நடக்கும் வருடத்தில் அது சராசரியாக 25.7 சதவீதம். அதே ஆட்கள், சில மாதம்தான் இடைவெளி. வேலை நேரம் கூடக் கூட, தான் தவறு செய்துவிட்டோமோ என்ற உறுத்தல் கூடக் கூட, மனச்சோர்வும் கூடியிருந்தது. அவர்கள் டாக்டர்கள், நீங்கள் நர்ஸ். அவர்கள் ஊர் வேறு, டியூட்டி ரோஸ்டர் வேறு. ஆனால் எட்டாவது மாதத்தில் ஒரு 23 வயதுப் பெண்ணுக்கு ஐசியு என்ன செய்யும் என்பது எனக்கு அந்த எண்களைப் பார்க்காமலே தெரியும். என்னிடம் வருகிற நர்ஸ்களில் பாதிப் பேர் முதல் வருடத்தில்தான் வருகிறார்கள்.

சரி, வாட்ச்.

அதன் அடியில் பச்சை விளக்கு மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். தோலுக்குள் போகும் அந்த வெளிச்சத்தை ரத்தம் எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதை வைத்து இதயத் துடிப்பைக் கணக்கிடுகிறது. ஐசியுவில் நீங்கள் விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டருக்கு உறவுக்காரத் தொழில்நுட்பம்தான். கை அசைவை அறிய இன்னொரு உணரி. தூக்கம் என்று அது சொல்வது இந்த இரண்டையும் வைத்துப் போட்ட ஊகம். மூளை அலையை அது பார்ப்பதில்லை. அசையாமல் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாலும் தூக்கம் என்று எழுதிக்கொள்ளும். பொள்ளாச்சி பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்து நன்றாகத் தூங்கியிருப்பீர்கள், குலுங்கலில் அது பதிவாகாமலே போயிருக்கும்.

உங்களைப் போன்றவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல். இந்த மதிப்பெண் முறையெல்லாம் பெரும்பாலும் இரவில் தூங்கிப் பகலில் விழித்திருப்பவரை மனதில் வைத்துச் செய்தவை. நைட் முடித்து, காலை 9:30க்குப் படுத்து, 12 மணிக்குப் பக்கத்து அறைச் சத்தத்தில் எழுந்து, மறுபடி 1 மணிக்குப் படுத்து 3:30க்கு எழுந்தால், நீங்கள் தூங்கியது ஐந்து மணி நேரம். அதை இரண்டு குட்டித் தூக்கமாகப் பிரித்துவிட்டு மதிப்பெண்ணைக் குறைத்துவிடும். சில கருவிகள் மூன்று மணி நேரத்துக்குக் குறைவான தூக்கத்தில் ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம் என்று பிரித்துக் காட்டவே காட்டாது. அந்த 38ஐத்தான் நீங்கள் பரீட்சைத் தாள் மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

ஸ்ட்ரெஸ் என்று சிவப்பில் காட்டுவதும் அப்படித்தான். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்பதை வைத்து அது சொல்கிறது. டீ குடித்தால் மாறும். காய்ச்சல் வந்தால் மாறும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் மாறும். பாத்ரூம் போக நேரம் இருக்காது என்று பன்னிரண்டு மணி நேரம் தண்ணீரே குடிக்காமல் இருந்தாலும் மாறும். ஐசியு நர்ஸ்கள் நிறையப் பேர் அப்படித்தான் இருக்கிறீர்கள், தயவுசெய்து குடியுங்கள்.

ஒரு பயிற்சி டாக்டர் தன் போனை என்னிடம் நீட்டியது நினைவுக்கு வருகிறது. ஒரு இரவில் அவரும் இன்னொருவரும் மாறி மாறி ஒரு நோயாளிக்கு சிபிஆர் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தம்பியின் வயதுதான் நோயாளிக்கும். பிழைக்கவில்லை. குடும்பத்தாரிடம் சொல்லிவிட்டு வந்து, கை கழுவிவிட்டு போனைப் பார்த்தால், 26 நிமிடம் உடற்பயிற்சி செய்திருக்கிறீர்கள், இன்றைய இலக்கை எட்டிவிட்டீர்கள், வாழ்த்துகள் என்று செய்தி. பக்கத்தில் ஒரு பதக்கப் படம். அதை அவர் அழிக்கவே இல்லை. மூன்று மாதம் போனில் வைத்திருந்தார். அன்றைக்கு அவருடைய இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 150ஐத் தாண்டியது என்ற எண் சரியாகத்தான் இருந்திருக்கும். அந்த இரவைப் பற்றி அவர் வாய்விட்டுப் பேசியது என் அறையில்தான், அதுவும் நான்காவது முறை வந்தபோது.

அப்படியானால் வாட்ச்சைக் கழற்றி வைத்துவிடலாமா? வேண்டாம். அதால் ஒரு நல்ல உபயோகம் இருக்கிறது. நீங்கள் எப்போது படுத்தீர்கள், எப்போது எழுந்தீர்கள் என்பதை வாரக்கணக்கில் மறக்காமல் எழுதி வைக்கும். இது சாதாரண விஷயம் இல்லை. அதே மிச்சிகன் குழு பின்னாளில் பயிற்சி டாக்டர்களுக்கு மணிக்கட்டுப் பட்டை கொடுத்து, தினமும் இன்றைக்கு மனநிலை 1 முதல் 10 வரை எவ்வளவு என்று போனில் கேட்டது. 2,100 பேருக்கு மேல், ஒரு வருடத் தரவு. 2021இல் வந்த முடிவு என்ன தெரியுமா? தூக்கம் குறைவது மனநிலையை எவ்வளவு இறக்குகிறதோ, தூங்கி எழும் நேரம் நாளுக்கு நாள் தாறுமாறாக மாறுவதும் ஏறக்குறைய அதே அளவு இறக்குகிறது. மாதத்தில் ஆறு நைட், நடுவில் ஈவினிங், அடுத்த நாளே மார்னிங் என்று ரோஸ்டர் போடுகிறவர்கள் எல்லோரும் இதைப் படிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

அதனால் இப்படிச் செய்யுங்கள். மதிப்பெண், ஸ்ட்ரெஸ், உடற்பயிற்சி வாழ்த்து, எல்லா அறிவிப்பையும் இன்றைக்கே அணைத்துவிடுங்கள். கண் விழித்ததும் வாட்ச்சைப் பார்க்கும் பழக்கம் உங்களுக்கு மட்டும் இல்லை. தூக்கத்தை அளந்து அளந்தே தூக்கம் கெட்டவர்களுக்கு 2017இலேயே அமெரிக்கத் தூக்க ஆய்வாளர்கள் ஆர்த்தோசோம்னியா என்று பெயர் வைத்துவிட்டார்கள். வாரம் ஒரு முறை, ஆஃப் நாளில், சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் பாருங்கள். படுத்த நேரம், எழுந்த நேரம் இரண்டை மட்டும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அதற்குப் பக்கத்தில் அன்றைக்கு எந்த ஷிஃப்ட், எத்தனை நோயாளிகள், மனநிலை பத்துக்கு எவ்வளவு. கையால் எழுதுங்கள். இரண்டு நைட் சுற்று முடிந்தால் உங்களுக்கே ஒன்று தெரியும்.

நைட் நாட்களுக்கு இரண்டு மூன்று விஷயம். கடைசி டீ அதிகாலை இரண்டரைக்குள் முடியட்டும். ஆறு நாளும் படுக்கும் நேரம் ஒன்றாக இருக்கட்டும், 9 மணி என்றால் 9 மணி. ஹாஸ்டல் கதவில் ‘நைட் டியூட்டி, தூங்குகிறேன்’ என்று தாள் ஒட்டுங்கள். கூச்சப்படாதீர்கள், அடுத்த வாரம் பக்கத்து அறைப் பெண்ணும் ஒட்டுவாள். மாலையில் டியூட்டிக்குக் கிளம்பும் முன் ஒரு மணி நேரமாவது மறுபடி படுங்கள். கடைசி நைட் முடிந்த காலையில் மட்டும் இரண்டு மூன்று மணி நேரத்தோடு எழுந்துவிட்டு, அன்றைக்கு இரவு சீக்கிரம் படுத்தால் பழைய நேரத்துக்குத் திரும்புவது எளிது. நைட் முடித்த கையோடு ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டு ஊருக்குப் போகும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், பஸ்ஸில் போங்கள்.

இனி அந்தப் படிவம். என் பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள். மறுக்கவும் வேண்டாம். கேள்வி கேட்டுவிட்டு, எழுத்தில் பதில் வந்தபின் முடிவு செய்யுங்கள்.

முதல் கேள்வியை யாரும் கேட்பதில்லை. நோயாளியைத் தொடும் கையில் முழங்கைக்குக் கீழே வாட்ச், வளையல், மோதிரம் எதுவும் கூடாது என்பது ஐசியுவில் நீங்களே மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடம். பட்டைக்கு அடியில் கை கழுவும் திரவம் போகாது. அதனால்தானே நர்ஸ்கள் சிலர் வாட்ச்சை மார்பில் தலைகீழாகக் குத்திக்கொள்கிறார்கள். அப்படியிருக்க ஐசியு ஊழியருக்கு மணிக்கட்டுப் பட்டை தருவதற்கு உங்கள் தொற்றுத் தடுப்பு நர்ஸ் சம்மதித்தாரா? டியூட்டியில் கழற்ற வேண்டும் என்றால் மீதி நேரத்தில் மட்டும்தான் அது ஓடும். அதாவது நீங்கள் ஹாஸ்டலில் எப்படித் தூங்குகிறீர்கள், ஆஃப் நாளில் என்ன செய்கிறீர்கள் என்பதைத்தான் நிர்வாகம் பார்க்கும். வேலை உங்களை என்ன செய்கிறது என்பது அதில் வரவே வராது.

அடுத்து, யார் பார்ப்பார்கள்? ‘தனி நபர் பெயர் வராது, மொத்தமாகத்தான் பார்ப்போம்’ என்பார்கள். உங்கள் ஐசியுவில் இரண்டு வருடம் ஆகாத நர்ஸ்கள் ஐந்து பேர் என்றால் மொத்தம் என்ன, தனி என்ன? யாருடைய இரவு எது என்று ரோஸ்டரைப் பக்கத்தில் வைத்தால் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். மாதவிடாய்க் கணக்கும் இருப்பிடமும் பதிவாகுமா? வேலை நிரந்தரம் ஆகும்போதோ சம்பள உயர்வின்போதோ இதைப் பார்ப்பார்களா? வேலையை விட்டுப் போனால் அழிப்பார்களா?

2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒப்புதல் என்பது சுதந்திரமாக, எதற்கு என்று தெரிந்து, நிபந்தனை இல்லாமல் கொடுப்பது. கொடுத்த அளவுக்கே எளிதாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும். அதே சட்டம் வேலை சார்ந்த சில காரணங்களுக்கு ஒப்புதல் இல்லாமலே தரவைக் கையாள முதலாளிக்கு இடமும் தருகிறது. அதனால் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருக்க வேண்டாம். புரொபேஷனில் இருக்கும் பெண்ணிடம் ‘விருப்பம் இருந்தால் கையெழுத்துப் போடும்மா’ என்று இன்சார்ஜ் நீட்டும்போது அதில் விருப்பம் எவ்வளவு இருக்கும் என்று எனக்கும் தெரியும். ஆகவே தனியாகக் கேட்காதீர்கள். உங்கள் பேட்ச் சேர்ந்து ஒரே தாளில் கேள்விகளை எழுதிக் கொடுங்கள், டியூட்டி டாக்டர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களும் இதே படிவத்தைத்தான் வைத்துக்கொண்டு விழிக்கிறார்கள்.

கடைசிக் கேள்விதான் நிர்வாகத்தின் மனதைக் காட்டிவிடும்: நாங்கள் தூங்குவதில்லை என்று பேண்ட் சொன்னால் நீங்கள் எதை மாற்றுவீர்கள்? நான் ஆலோசனைக்குப் போன ஒரு மருத்துவமனையில் இப்படி ஒரு திட்டம் நடந்தது. இளம் நர்ஸ்களுக்குத் தூக்கம் போதவில்லை என்று தெரிந்தது. அதற்கு அவர்கள் செய்த ஏற்பாடு, காலை 8:30க்கு மன அழுத்த மேலாண்மை வகுப்பு. நைட் முடித்தவர்கள் ஹேண்ட்ஓவர் கொடுத்துவிட்டு நேரே கான்ஃபரன்ஸ் ஹாலில் வந்து உட்கார்ந்தார்கள். முன் வரிசையில் ஒரு பெண் கண்ணைத் திறந்து வைத்திருக்க உள்ளங்கையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். மைக்கைக் கீழே வைத்துவிட்டு எல்லோரையும் தூங்க அனுப்பினேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மாற்ற வேண்டியது ரோஸ்டர். நைட் தொடர்ச்சியை ஆறிலிருந்து மூன்றாகக் குறைப்பது, ஷிஃப்டை மார்னிங், ஈவினிங், நைட் என்று முன்னோக்கியே நகர்த்துவது, ஒரு ஷிஃப்ட் முடிந்து அடுத்தது தொடங்க 11 மணி நேரமாவது இடைவெளி. இந்த 11 மணி நேரம் ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டமாகவே இருக்கிறது. வென்டிலேட்டரில் இருப்பவர் ஒருவருக்கு ஒரு நர்ஸ். இவற்றில் ஏதாவது ஒன்றுக்கு நிர்வாகம் எழுத்தில் சம்மதித்தால் நானே உங்களைப் பேண்டைக் கட்டிக்கொள்ளச் சொல்வேன். அப்போது நீங்கள் கொடுக்கும் தரவு அடுத்த வருடம் சேரப்போகும் பெண்ணுக்கு உதவும்.

அதுவரை அண்ணன் கொடுத்த வாட்ச் உங்களுடையது, அதில் இருப்பதும் உங்களுடையது. அந்த நோட்டை நர்சிங் சூப்பரின்டென்டன்ட்டிடம் காட்ட வேண்டும் என்று தோன்றினால் நீங்களாகக் காட்டுங்கள். ‘என்னால் முடியவில்லை மேடம்’ என்று சொல்வதைவிட, இந்த ஆறு நாளில் மொத்தம் இத்தனை மணி நேரம்தான் தூங்கினேன், இந்த நாட்களில் மூன்று வென்டிலேட்டர் நோயாளியைப் பார்த்தேன் என்று தேதி போட்டுக் காட்டினால் கேட்பவரால் எளிதில் தள்ளிவிட முடியாது.

14ஆம் தேதிக்கு முன்னால் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். உங்கள் மருத்துவமனையிலேயே பார்க்கத் தயக்கமாக இருந்தால் வெளியே பாருங்கள், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு வெளிநோயாளி சீட்டிலும் பார்க்கலாம். பி.எச்.க்யூ தாளையும் இந்த மாத ரோஸ்டர் நகலையும் கையோடு கொண்டு போங்கள். தேவைப்பட்டால் இந்தச் சுற்று நைட்டைத் தள்ளிப்போட அந்த மருத்துவர் ஒரு சான்றிதழ் எழுதித் தர முடியும். கேட்பதற்குத் தயங்காதீர்கள். போய்விட்டு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.